சிவகங்கை என்றொரு கிளஸ்டர்: கெடாவில் நோய்ச் செய்தியும் மக்கள் மனமும்

2020 ஜூலைத் தொடக்கத்தில் மலேசியா ஓரளவு மூச்சு விட்டிருந்தது. மார்ச் 18 அன்று தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்திருந்தது. உள்நாட்டில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை என்று சுகாதார அமைச்சு அறிவித்த நாள்களும் அந்த மாதத்தில் உண்டு. சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் கடைத்தெருக்களில் ஆள் நடமாட்டம் திரும்பியிருந்தது. மாதக் கடைசியில் கெடாவின் வடகோடியில் உள்ள குபாங் பாசு மாவட்டத்திலிருந்து செய்தி வந்தது. தமிழ்நாட்டுக்குப் போய்த் திரும்பிய உணவக உரிமையாளர் ஒருவருக்கு நோய் உறுதியாகியிருந்தது. நாடு திரும்பியபோது எடுத்த முதல் பரிசோதனையில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பதினான்கு நாள் வீட்டிலேயே இருக்கச் சொல்லியும் அவர் கடைக்குப் போய்வந்திருக்கிறார். குடும்பத்தார், பணியாளர், வாடிக்கையாளர் என்று தொற்று கிளைத்து, கெடாவைத் தாண்டிப் பெர்லிஸுக்கும் பினாங்குக்கும் போயிற்று. அமைச்சு அந்தத் தொற்றுத் திரளுக்கு 'சிவகங்கா கிளஸ்டர்' என்று பெயர் வைத்தது.

மொத்தம் 45 பேருக்குத் தொற்றியதோடு அது முடிந்தது. அதற்குப் பின் இந்த நாடு கண்ட திரள்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனாலும் கெடாத் தமிழர் மனத்தில் அது பதிந்த ஆழத்தை அந்த எண்ணைக் கொண்டு அளக்க முடியாது. தொற்றுக் காலத்தில் செய்தி மக்களைப் பயமுறுத்துகிறது என்ற குற்றச்சாட்டை எல்லா நாட்டிலும் கேட்கிறோம். பயத்தைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியவை அவமானமும் சினமும் என்பது என் முடிவு. எவ்வளவு செய்தி வந்தது என்பதைக் காட்டிலும், அது யாரைச் சுட்டியது, பிழையைத் திருத்திய சொல் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பவைதான் மக்கள் மனத்தைத் தீர்மானித்தன.

பெயரிலிருந்தே தொடங்க வேண்டும். நோய்களுக்கு ஊர்ப் பெயரோ நாட்டுப் பெயரோ இனப் பெயரோ வைக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015 மே மாதமே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. மலேசியாவில் திரள்களுக்குப் பெயர் வைத்த வழக்கத்துக்கு ஒரு நல்ல பயன் இருந்தது. ஆளையும் நிறுவனத்தையும் சொல்லாமல் ஒரு தெருவையோ வட்டாரத்தையோ சொல்லிவிட்டு நகர முடிந்தது. கெடாவிலேயே அடுத்துவந்த திரள் ஒன்றுக்குப் பாலிங் வட்டாரத்துச் சிற்றூரான தாவாரின் பெயரை வைத்தார்கள். அலோர்ஸ்டார் சிறைச்சாலைத் திரள் 'தெம்போக்', அதாவது மதில் என்று ஆயிற்று. அந்த ஆண்டுக் கடைசியில் கிள்ளான் பக்கம் ஒரு பெரும் கையுறை நிறுவனத்தின் தொழிலாளர் விடுதிகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்த திரளுக்கு 'தெராத்தாய்', அதாவது தாமரை என்று பெயர். நிறுவனம் தாமரைக்குப் பின்னால் நின்றுகொண்டது. கெடாவின் 45 பேர் திரளுக்கு மட்டும், கடல் தாண்டிய ஒரு தமிழ்ச் சீமையின் பெயர்.

அந்தச் சீமைக்கும் இந்த வடக்குக் கரைக்கும் உள்ள தொடர்பு நேற்று ஏற்பட்டதல்ல. சிவகங்கையின் மருது சகோதரர்களின் தோல்விக்குப் பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட கிளர்ச்சிக்காரர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1802இல் நாடு கடத்திய இடம் பினாங்குத் தீவு. பின்னாளில் சிவகங்கை, இராமநாதபுரம், தஞ்சைப் பக்கங்களிலிருந்து ஆள்கட்டி வந்தவர்களும் பினாங்கு வழியாகவே கெடாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாமில் இருந்து கப்பலேறி, ஜெரெஜாக் தீவில் தடுத்து வைக்கப்பட்டு, அம்மை இல்லை, வாந்திபேதி இல்லை என்று உறுதியான பிறகுதான் பீடோங்கிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் உள்ள லயங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 'இந்தியக் கப்பலோடு நோய் வரும்' என்ற எண்ணம் இந்தக் கரையில் நூறாண்டுக்கும் மேல் பழையது. 2020இல் ஒரு திரளின் பெயர் அதைத் தொட்டு எழுப்பியது. பெயர் வைத்த அதிகாரிக்கு அப்படி ஒரு நோக்கம் இருந்திருக்காது. கேட்டவர் காதில் அது அப்படித்தான் விழுந்தது.

ஆகஸ்ட் 13 அன்று அலோர்ஸ்டார் நீதிமன்றம் அந்த உணவக உரிமையாளருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 வெள்ளி அபராதமும் விதித்தது. 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர்மேல் குற்றச்சாட்டுகள். குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார். ஊர் முடக்கத்தில் சிக்கிய குபாங் பாசு மக்களுக்கு அவர்மேல் கோபம் வந்தது இயல்பு. தனிமைப்படுத்தலை மீறியது குற்றம், அதில் பேச்சில்லை. ஆனால் அந்தக் கோபம் ஓர் ஆளோடு நிற்கவில்லை. படமும் பெயரும் கைப்பேசிகளில் சுற்றின. 'இந்தியாவிலிருந்து வந்தவன்' என்ற சொல்லில், பிறந்ததிலிருந்து கெடா மண்ணைத் தாண்டாத தோட்டத்துத் தமிழரும் சேர்ந்துகொண்டார்கள். மாநில மக்களில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற அளவில் வாழும் சமூகத்துக்கு, ஒருவரின் தவறு எல்லார் நெற்றியிலும் ஒட்டப்படுவது எப்படி இருக்கும் என்பதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

மூன்று நாள் கழித்து இன்னொரு செய்தி வந்தது. இந்தக் கதையில் மிக நுணுக்கமான பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆகஸ்ட் 16 அன்று சுகாதாரத் தலைமை இயக்குநர் நோர் ஹிஷாம் அப்துல்லா தம் முகநூல் பக்கத்தில் ஓர் அறிவிப்பு இட்டார். டி614ஜி என்ற மாற்றம் கொண்ட வைரஸ் நான்கு மாதிரிகளில் கண்டறியப்பட்டதாகவும், அவற்றில் மூன்று சிவகங்கா திரளிலிருந்தும் ஒன்று ஜொகூரின் உலு திராம் திரளிலிருந்தும் வந்தவை என்றும் எழுதினார். அது பத்து மடங்கு எளிதில் தொற்றக்கூடியது, தடுப்பூசி ஆய்வுகள் அதற்குப் பலனளிக்காமல் போகலாம் என்பதும் அதில் இருந்தது. மக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். மாலைதோறும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் நாடு அன்றைய நிலையை அறிந்துகொண்டது. அவர் சொன்னால் மக்கள் நம்பினார்கள்.

வைரஸின் மேற்புறத்து முள்புரதத்தில் 614ஆம் இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம் போய் கிளைசின் வந்திருக்கிறது என்பதே அந்த எழுத்துகளின் பொருள். அந்த மாற்றம் மலேசியாவுக்குப் புதிதாக இருக்கலாம், உலகத்துக்குப் புதிதல்ல. 2020 நடுப்பகுதிக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான தொற்றுகள் அந்த வகைதான். 'பத்து மடங்கு' என்ற கணக்கு, ஆய்வுக்கூடத்துத் தட்டில் வளர்த்த உயிரணுக்களுக்குள் போலி வைரஸ் எவ்வளவு எளிதில் புகுகிறது என்று பார்த்த சோதனையிலிருந்து வந்தது. ஒரு மனிதரிடமிருந்து பத்து மடங்கு மனிதருக்குப் பரவும் என்று அதற்குப் பொருளில்லை. நோய் கடுமையாகும் என்பதற்கு ஆதாரம் இருக்கவில்லை. தடுப்பூசிகளும் பின்னர் அந்த வகைக்கு எதிராக வேலை செய்தன.

ஆய்வுக்கூடத்துத் தட்டிலிருந்து முகநூலுக்கு, அங்கிருந்து தலைப்புக்கு, தலைப்பிலிருந்து வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்வதற்குள் 'தட்டில் வளர்த்த' என்ற இரண்டு சொல் உதிர்ந்துபோயின. மிஞ்சியவை 'பத்து மடங்கு', 'சிவகங்கா' என்ற இரண்டுமே. கேட்பவர் மனத்தில் இவை ஒட்டிக்கொண்டால், உலகமெங்கும் முன்பே பரவியிருந்த ஒரு வகை, தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்திலிருந்து வந்த தனிக் கொடுமையாகத் தோன்றிவிடும். மறுவிளக்கங்கள் வந்தன. அவற்றை எழுதிய விஞ்ஞானச் செய்தியாளர்களும் இருந்தார்கள். முதல் செய்தி போன வீடுகளில் எத்தனைக்கு அவை போய்ச் சேர்ந்திருக்கும்? செய்தித் தொழிலில் இருப்பவர்களுக்கே விடை தெரியும்.

ஆபத்தை மக்கள் எப்படி உணர்கிறார்கள் என்பதைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987இல் எழுதிய கட்டுரை இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. சாவு எண்ணிக்கையைக் கணக்குப் போட்டு யாரும் பயப்படுவதில்லை. கட்டுக்கு அடங்காதது என்ற திகிலும், இன்னதென்று தெரியாத தன்மையும் சேரும்போது பயம் பெருகுகிறது என்று அவர் காட்டினார். புதிய வகை, பத்து மடங்கு, மருந்துக்கு அடங்காது என்ற மூன்றும் ஒரே செய்தியில் வந்தால் அந்த இரண்டும் ஒருசேர நிறைவேறிவிடுகின்றன. 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு 4,675 பேரிடம் நடந்த ஆய்வு இதைவிட வியப்பானது. அடுத்து வந்த வாரத்தில் நாள்தோறும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிடக் கடுமையான மன அழுத்தத்தைச் சொன்னார்கள். அந்த ஆய்வுக் குழுவைச் சேர்ந்த அலிசன் ஹோல்மனும் ரொக்சேன் சில்வரும் 2020 மார்ச்–ஏப்ரலில் கொரோனாவை முன்வைத்து 6,514 அமெரிக்கர்களைக் கேட்டார்கள். செய்தியில் செலவிட்ட நேரத்தோடு, செய்திகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்ததும் மனச்சோர்வோடு சேர்ந்தே காணப்பட்டது. இந்தக் கடைசி முடிவைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நேற்றுச் சொன்னதும் இன்று சொன்னதும் ஒட்டாதபோது மனம் தளர்கிறது.

ஆகஸ்ட் 18 அன்று நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வி ஒன்று கெடாக்காரர்களின் சினத்தை வேறு பக்கம் திருப்பியது. தோட்டத் தொழில், மூலப்பொருள் அமைச்சர் கைருடின் அமான் ரசாலி ஜூலை 7 அன்று துருக்கியிலிருந்து திரும்பியவர், தனிமைப்படுத்திக்கொள்ளாமல் நிகழ்ச்சிகளுக்குப் போய்வந்தார் என்பது வெளியே வந்தது. அவர் கட்டியது 1,000 வெள்ளி. பின்னர் அக்டோபரில், அவருக்கு வீட்டுக் கண்காணிப்பு ஆணையே வழங்கப்படவில்லை என்ற காரணத்தால் வழக்கில்லை என்று முடிந்தது. ஆகஸ்டில் அதே வகைத் தவறுக்கு ஒரு கடைக்காரருக்கு ஐந்து மாதச் சிறை. சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு என்று வழக்கறிஞர் விளக்கலாம். செய்தியைப் படித்தவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 'ஆளுக்கொரு நீதி' என்ற பேச்சு மலாய், சீன, தமிழ் வாசகர் என்ற வேறுபாடில்லாமல் எழுந்தது. ஒரு வாரம் முன்னால் ஓர் இனத்தை நோக்கிப் பாய்ந்த சினம், பதவியை நோக்கித் திரும்பியது. நாடாளுமன்றச் செய்தியாளர்கள் தங்கள் வேலையைச் செய்ததால் விளைந்த மாற்றம் அது. செய்தி என்றாலே மன உளைச்சல் என்பவர்கள் இந்த வாரத்தை மறந்துவிடக் கூடாது.

அமைதிப்படுத்தும் செய்தியாலும் உயிர் போகும் என்பதற்கு மலேசியாவிலேயே கொடிய சான்று உண்டு. 1998 செப்டம்பர் தொடங்கி ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, அது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். ஏடுகளும் அதையே எழுதின. புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டாயிற்று என்ற நிம்மதியோடு பண்ணைக்குப் போனவர்கள் செத்தார்கள். நோய் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக்குக்குப் போயிற்று. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் பிரித்தெடுத்த புதிய வைரஸ்தான் நிப்பா. 265 பேருக்கு நோய், 105 சாவு, சுமார் பத்து லட்சம் பன்றிகள் அழிப்பு. ஊசி போட்டவர்களும் சாகிறார்களே, குழந்தைகளை விட்டுவிட்டுப் பண்ணை ஆள்களை மட்டும் பிடிக்கிறதே என்று பண்ணைக்காரர்கள் கேட்ட கேள்வியை முதல் பக்கத்தில் வைத்திருந்தால், சில மாதங்கள் மிச்சமாகியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது. அந்த வைரஸுக்கும் ஒரு சிற்றூரின் பெயரே நிலைத்துவிட்டது.

2021இல் கெடாத் தமிழரைத் தொட்ட செய்தி, நோயைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. ஜனவரி 20 அன்று மந்திரி பெசார் முகமட் சனூசி, அந்த ஆண்டு தைப்பூசத்துக்கு மாநில விடுமுறை கிடையாது என்று அறிவித்தார். நடமாட்டக் கட்டுப்பாட்டில் ஊர்வலம் இல்லாததால் விடுமுறை தேவையில்லை என்பது சொன்ன காரணம். காவடியும் தேரும் இல்லை என்பதைத் தமிழர்கள் ஏற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட ஒரு நாள் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். சிவகங்கா திரளின் காயம் ஆறாத இடத்தில் இது விழுந்தது. சுகாதார ஆணை என்ற உருவத்தில் வந்த செய்தி, 'நீங்கள் இங்கே யார்' என்ற கேள்வியாகக் கேட்டது. மே மாதம் 'இந்திய வகை' வைரஸ் என்ற சொல் உலக ஏடுகளில் பரவியபோதும் அப்படியே. மே 31 அன்று உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு டெல்டா என்று கிரேக்க எழுத்தில் பெயர் வைத்தது நல்ல காரியம். அதற்குள் ஒரு மாதம் போயிருந்தது.

அதே மே மாதம் கோலாலம்பூரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இரத்தக் கட்டி பற்றிய செய்திகளால் அஸ்ட்ராசெனகா ஊசிக்கு மக்கள் அஞ்சினார்கள் என்று அரசு அதைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்து, விரும்பியவர் பதிந்துகொள்ளலாம் என்று விட்டது. மே 2 அன்று 2,68,000க்கும் மேற்பட்ட இடங்கள் சில மணி நேரத்தில் தீர்ந்துபோயின. ஊசி அதேதான். கொடுத்ததை வாங்கிக்கொள்வது என்ற நிலை மாறி, கேட்டு வாங்குவது என்று ஆனது. பயந்தார்கள் என்று நாம் பேசும் மக்கள், செய்தி கொடுத்த தகவலை எடை போட்டுத் தாங்களே முடிவெடுக்கவும் வல்லவர்கள்.

2021 ஆகஸ்ட், செப்டம்பர் கெடாவுக்கு மிகக் கொடிய மாதங்கள். மருத்துவமனைகள் நிரம்பின, சுங்கைப்பட்டாணியின் நெரிசலைப் பற்றிய காணொளிகள் கைமாறின. நாட்டின் ஒருநாள் தொற்று ஆகஸ்ட் 26 அன்று 24,599. செப்டம்பர் 11 அன்று 592 சாவு என்ற எண் வந்தது. அந்த ஒரு நாளில் 592 பேர் இறக்கவில்லை. முந்தைய நாள்களில், வாரங்களில் இறந்து பதிவுக்கு வராமல் தேங்கியிருந்தவை சேர்ந்த கணக்கு அது. தேதிவாரியாகப் பிரித்தால், சாவுகள் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தன. அமைச்சின் கோவிட்நவ் தளம் அந்த மாதம் திறந்தபோது அதைப் படமாகவே பார்க்க முடிந்தது. ஆனால் படுக்கைக்காகக் காத்திருக்கும் தந்தையை வைத்துக்கொண்டு அந்த எண்ணைக் கேட்டவருக்கு, நோய் உச்சத்துக்கு ஏறுகிறது என்றுதான் பட்டிருக்கும். தலைப்பில் '592' என்று போட்டு ஆறாம் பத்தியில் 'பழைய கணக்கும் சேர்ந்தது' என்று எழுதுவது பொய்யல்ல. ஆயினும் முழு உண்மையைச் சொல்லும் கடமை அதில் நிறைவேறவில்லை.

இந்தச் செய்தியெல்லாம் தோட்டத்துக்குத் தமிழில் எப்படி வந்தது? 1924இல் தொடங்கி, நாட்டின் மிகப் பழைய தமிழ் நாளேடாக இருந்த தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோயிற்று. தொற்று வந்தபோது மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் ஆகிய ஏடுகளும், மின்னல் எஃப்எம், ராகா வானொலிகளும், வணக்கம் மலேசியா, செல்லியல் போன்ற இணைய ஊடகங்களும் இருந்தன. அமைச்சின் மாலைச் சந்திப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. தமிழுக்கு முதலில் வந்தது எண்ணிக்கைதான். விளக்கம் பிறகு வந்தது, அல்லது வரவில்லை. மின்னலில் செய்தி கேட்டுப் பழகிய முதியவருக்கு இத்தனை தொற்று, இத்தனை சாவு என்று தெரிந்தது. டி614ஜி என்றால் என்ன, அந்தப் பத்து மடங்கு எதில் அளந்தது என்பதைத் தமிழில் சொல்ல ஒரு மருத்துவரை அன்றே ஒலிவாங்கி முன் உட்கார்த்தியிருந்தால் போதும். அந்த இடத்தை உறவுக்காரப் பையன் அனுப்பிய குரல்பதிவு நிரப்பியது. மூச்சை அடக்கிப் பார்த்தால் தொற்று தெரியும், மிளகு ரசம் குடித்தால் போய்விடும் என்பவை அப்படித்தான் லயம் லயமாகப் போயின. தமிழ்ச் செய்தியாளர்களின் எண்ணிக்கையும் வருவாயும் குறைந்த காலத்தில் அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அமைச்சின் அறிவிப்பு மேசையில் ஒரு தமிழ் மருத்துவரும் உட்கார வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டியது நம் அமைப்புகளின் வேலை.

விளக்கம் வராத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவிலும் சான்று உண்டு. 1994இல் சூரத்தில் கொள்ளைநோய் என்றதும் பல லட்சம் பேர் நகரை விட்டு ஓடினார்கள். நாடு முழுதும் இறந்தவர்கள் 60க்கும் குறைவு. ஓடியவர்களில் மருத்துவர்களும் உண்டு. ஓட்டத்துக்குக் காரணம் செய்தியின் அளவு என்று அப்போது எழுதினார்கள். தங்கிவிட்டவர்களுக்கு என்ன மருந்து, எங்கே கிடைக்கும் என்ற செய்தி அந்த முதல் நாள்களில் இல்லாததே காரணம் என்பது எனக்கு ஏற்புடையது. டெட்ராசைக்ளின் மலிவான மருந்து. அந்நோய்க்கு அது கேட்கும்.

நோய்ச் செய்தியை எப்படிச் சொல்லலாம் என்பதற்கு மாதிரி கெடாவிலேயே உண்டு. இங்கே ஒவ்வோர் ஆண்டும் டெங்கி வருகிறது. எந்தத் தாமானில், எந்தக் கம்பத்தில் நோயாளிகள் கூடியிருக்கிறார்கள் என்று சுகாதார அமைச்சு இடம் குறித்தே வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் தன் ஊர்ப் பெயரைப் பார்த்து யாரும் கூனிக் குறுகுவதில்லை. கொசு இப்போது எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்கிறது. அங்கே இருப்பவரின் பாட்டன் எங்கிருந்து வந்தான் என்று அது கேட்பதில்லை. அடுத்த வரியிலேயே வேலையும் வந்துவிடுகிறது: வாரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, பூந்தொட்டித் தட்டையும் வாளியையும் பழைய டயரையும் கவிழ்த்துக் கொட்டு. செம்பனைத் தோட்டத்து வீடுகளிலும் அதைச் செய்கிறார்கள். அடுத்த தொற்று வரும்போது அலோர்ஸ்டாரிலிருந்து போகும் முதல் அறிவிப்பு இந்த அமைப்பில் எழுதப்பட்டு, அன்றைக்கே தமிழிலும் வானொலியில் போக வேண்டும்.